முப்பத்தைந்து மில்லி

அந்தக் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'பிணைப்பு'. இருபத்தைந்து வருடமாக ஹைட்ரஜன் பிணைப்பைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் மனமார வாய் திறந்ததில்லை. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது, தண்ணீர் ஏன் லேசில் கொதிக்காமல் அடம்பிடிக்கிறது, பருத்தித் துணி ஏன் சீக்கிரம் காய மாட்டேன் என்கிறது, தேன் ஏன் கரண்டியை விட்டுப் பிரிய மனமில்லாமல் தொங்குகிறது, எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். துறையில் இரண்டு விரிவுரையாளர்கள் காதலித்துப் பிரிந்தபோதுகூட "பலவீனமான பிணைப்பு" என்று அவர் சொன்னதாகப் பேச்சு. அது இயற்பியல் துறைத் தலைவர் கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம்.

விஷயம் என்னவோ எளிமையானதுதான். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடக்கும் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் மீதும் ஒரு கண் வைத்திருக்கும். அந்த இழுப்புக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தண்ணீரில் உண்டு, ஆல்கஹாலில் உண்டு, அம்மோனியாவில் உண்டு, நம் உடம்பின் புரதத்திலும் உண்டு. "கல்யாணம் ஒரு வீட்டில், பார்வை அடுத்த வீட்டில்" என்று தன் புத்தகத்தின் முதல் பதிப்பில் எழுதியிருந்தார். ஒரு மாணவியின் அப்பா முதல்வர் அறையில் வந்து சத்தம் போட்ட பிறகு, இரண்டாம் பதிப்பில் மூலக்கூறுகள் கண்ணியமாகக் கைகோத்துக்கொண்டன.

புத்தகம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இப்போது நான்காம் பதிப்பு. நான்கு பதிப்பு என்றதும் மூன்று பதிப்பு விற்றுத் தீர்ந்ததாகப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. துறையின் பண்டக அறையில் எல்லாப் பதிப்புகளும் ஒற்றுமையாக அடுக்கியிருந்தன.

வியாழக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. இருபத்தைந்து வருடச் சேவைக்கு ஒரு கேடயம், ஒரு விழா மலர், அவரே ஆற்றும் ஒரு சிறப்புரை. மலரில் போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று ஆபீஸ் மேனேஜர் கேட்டார். தலைவர் யோசித்தார். அந்த மாதம்தான் ஆய்வகக் கதவில் 'இழப்பே இல்லாத ஆய்வகம்' என்று ஒரு பலகை மாட்டியிருந்தார். ஒரு துளியும் வீணாகக் கூடாது, எல்லாவற்றையும் தலைவரே அளந்து சரிபார்ப்பார் என்பது திட்டம். ஆக, அளக்கிற மாதிரி ஒரு படம். அறிவியலுக்கு அறிவியல், நிர்வாகத்துக்கு நிர்வாகம்.

செவ்வாய்க்கிழமை காலை விலங்கியல் துறையிலிருந்து ஒரு லிட்டர் கேட்டிருந்தார்கள். பாதி ஆல்கஹால், பாதி தண்ணீர். அவர்களுடைய தவளைகளும் மீன்களும் அந்தக் கலவையில்தான் வருடக்கணக்காகக் கெடாமல் முறைத்துக்கொண்டிருந்தன. ஆய்வக உதவியாளர் வழக்கம்போல் ஆல்கஹால் அலமாரியைத் திறந்து, அரை லிட்டர் அதிலும் அரை லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரிலுமாக அளந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து, மூடி வைத்தார்.

அந்த உதவியாளரை எல்லோரும் லேப் அண்ணன் என்பார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறார். ஒரு காலத்தில் குடித்தார். அப்படி இப்படி அல்ல, மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீடு போகிற அளவுக்குக் குடித்தார். பிறகு விட்டார். விட்டு எட்டு வருடம். விட்ட மூன்றாம் வருடம், ஓய்வு பெறப் போகிற பழைய தலைவர் ஆல்கஹால் அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தச் சாவி அண்ணனின் இடுப்பில் கிடந்தது. மற்றவர்களுக்கு அது சாவி. அவருக்கு அது மெடல்.

மதியம் மேனேஜர் செல்போனோடு வந்தார். இயற்பியல் தலைவர் வேடிக்கை பார்க்க வந்தார். வேதியியல் தலைவர் வெள்ளைக் கோட்டு மாட்டி, பொத்தான் போட்டு, பாட்டிலில் இருந்ததை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றினார். ஜாடியைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினார். மேனேஜர் படம் எடுத்தார். படத்தில் அவர் முகம் நன்றாகத்தான் வந்தது, புருவம் மட்டும் சற்றே நெறிந்திருந்தது.

"தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு."

"என்ன சார்?" என்றார் மேனேஜர்.

"ஆயிரம் இருக்கணும். முப்பத்தஞ்சு மில்லி காணோம்." திரும்பினார். "ஏம்ப்பா, எங்க போச்சு?"

அண்ணன் ஜாடியைப் பார்த்தார். "அது எப்பவும் கொஞ்சம் கொறையும் சார்."

"கொறையுமா? பாட்டிலுக்குள்ளயா, யார் வாய்க்குள்ளயாவதா?"

இயற்பியல் தலைவர் சிரித்தார். மேனேஜர் சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு விரிவுரையாளர்கள், பெரியவர்கள் சிரித்ததால் சிரித்தார்கள். தலைவருக்குத் தன் நகைச்சுவை மேல் ஒரு மதிப்பு எப்போதும் உண்டு. இன்று அது கைதட்டல் வாங்கியதும் இன்னொரு படி ஏறினார். "எட்டு வருஷம் விரதம். பாவம், முப்பத்தஞ்சு மில்லியிலதான் முறிஞ்சிருக்கு!"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்கைந்து பேர் சிரிப்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது கண்ணாடி மேஜை. சத்தம் கேட்டது.

மாலைக்குள் மெமோ அடித்தாயிற்று. மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவும். தவறினால் ஆய்வகப் பொறுப்பிலிருந்து விடுவித்து வேறு பிரிவுக்கு மாற்றப்படுவீர். வேறு பிரிவு என்றால் தோட்டம்.

வியாழக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. மாணவர்களுக்கு வருகைப் பதிவு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். மெமோ வாங்கின அண்ணன்தான் மைக்கைச் சரிசெய்தார், பேச்சு மேடையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தார், மூடினார், இறங்கிப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றுகொண்டார்.

தலைவர் காகிதம் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. தன் புத்தகம் அவருக்கு மனப்பாடம். பனிக்கட்டியை மிதக்கவிட்டார், தண்ணீரைக் கொதிக்கவிட்டார். பிறகு ஆல்கஹாலுக்கு வந்தார்.

"தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும்போது நடுவே நிறைய இடம் விட்டே நிற்கின்றன. ஆல்கஹால் வந்தால் அந்தக் கைகளையும் பிடித்துக்கொள்கிறது, இடைவெளிக்குள்ளும் புகுந்துகொள்கிறது. அரை லிட்டர் தண்ணீரையும் அரை லிட்டர் ஆல்கஹாலையும் கலந்தால் ஒரு லிட்டர் வரும் என்று நினைப்பவன் கணக்கு வாத்தியார்!"

கூட்டம் சிரித்தது. வருடா வருடம் சிரிக்கும் இடம் அது. கணிதத் துறைத் தலைவரும் வருடா வருடம் போல் சிரிக்காமல் இருந்தார். அடுத்த வரி, வருடா வருடம் இடி மாதிரி இறங்கும் வரி, தொண்டை வரைக்கும் வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

தலைவரின் கண், யாரும் கேட்காமலே, கடைசி வரிசைக்குப் பின்னால் போனது. அண்ணன் சுவரோடு நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அடுத்த வரி மறந்துவிட்டதோ என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

தலைவர் தம்ளரைத் திறந்து தண்ணீரைக் குடித்தார். அது அண்ணன் வைத்த தண்ணீர் என்பது பாதித் தொண்டையில் நினைவு வந்தது. இருமினார். "ஆக..." என்றார். அம்மோனியாவுக்குத் தாவினார். அம்மோனியாவிலிருந்து நேராக நன்றியுரைக்கு வந்து சேர்ந்தார். ஒரு மணி நேரப் பேச்சு முப்பது நிமிஷத்தில் முடிந்ததில் மாணவர்கள் கைதட்டிய தட்டு இருக்கிறதே, அவ்வளவு மனப்பூர்வமான கைதட்டலை அந்த அரங்கம் அதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேடயம் அவர் மடியில் இருந்தது. மனைவி வண்டி ஓட்டினார். அவர் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர். பிழையைக் கண்டால் அதைத் திருத்தாமல் அவருக்கு அடுத்த வேலை ஓடாது.

"ஒரு வரிய விட்டுட்டீங்க."

"எந்த வரி?"

"நூத்தி எம்பத்தேழாம் பக்கம். 'வராது என்று அறிந்தவனே வேதியியலாளன்'. நாலு பதிப்புக்கும் நான்தான ப்ரூஃப் பாத்தேன். அதுல ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தீங்க, வேண்டாம்னு சண்டை போட்டேனே."

"நேரம் ஆயிடுச்சுன்னு..."

"முப்பது நிமிஷம் மிச்சம் இருந்துச்சு." சிக்னலில் வண்டி நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். "செவ்வாக்கெழமை வந்ததும் சொன்னீங்களே, லேப்ல எவனோ ஆல்கஹாலக் குடிச்சுட்டான், கையும் களவுமாப் புடிச்சேன்னு. எவ்வளவு கொறைஞ்சுதுன்னு சொன்னீங்க?"

தலைவர் கேடயத்தில் தன் பெயர் சரியாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்தார்.

"எவ்வளவுங்க?"

"முப்பத்தஞ்சு."

"ஐயோ." பின்னால் வண்டிக்காரர்கள் ஒலியெழுப்பினார்கள். "என்னங்க நீங்க!"

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம் என்று தலைவருக்குத் தோன்றியது.

படித்த மனிதனுக்கு வெட்கம் வந்தால் முதலில் செய்வது, தப்பை ஒப்புக்கொள்வது அல்ல. அதற்கு ஒரு கௌரவமான வாசல் தேடுவது. வெள்ளிக்கிழமை காலை தலைவர் அந்த வாசலைக் கண்டுபிடித்தார். ஒரு சுற்றறிக்கை தயாரானது. 'மேற்படி அளவு ஜாடியில் அளவுக் குறியீட்டுப் பிழை இருப்பது தெரியவந்துள்ளதால், அந்த ஜாடி பயன்பாட்டிலிருந்து நீக்கப்படுகிறது. மெமோ ரத்து செய்யப்படுகிறது.' படித்துப் பார்த்தார். யாருக்கும் வலிக்காத நடை. அண்ணனைக் கூப்பிட்டு நீட்டினார்.

அண்ணன் நின்றபடி நிதானமாகப் படித்தார்.

"ஜாடி பாவம் சார்."

"என்ன?"

"அது சரியாத்தான் காட்டுச்சு. நூத்தி எம்பத்தேழாம் பக்கத்துல நீங்களே போட்டிருக்கீங்களே."

தலைவருக்கு நாற்காலி திடீரென்று உயரமாகிவிட்டது போல இருந்தது. "நீ... நீங்க அதப் படிச்சிருக்கீங்களா?"

"ஸ்டோர்ல எறநூறு காப்பி சும்மா கெடக்குல்ல சார். மழைக்காலத்துல ஈரம் புடிக்குதான்னு ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாப்பேன். அப்படியே படிக்கிறதுதான். பாதி புரியாது. அந்தப் பக்கம் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடியெல்லாம் கொறையுறதப் பாத்து, நாமதான் சிந்திட்டோம்போலன்னு பயந்துக்கிட்டிருந்தேன். அதப் படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு."

அந்தப் புத்தகத்தால் உலகில் ஒருவருக்காவது நிம்மதி கிடைத்திருக்கிறது என்ற செய்தி வேறொரு நாளில் வந்திருந்தால் தலைவர் அதை முன்னுரையில் சேர்த்திருப்பார்.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரும் சிரிச்சுட்டீங்க. சிரிப்புக்கு நடுவுல எப்படி சார் புஸ்தகத்தப் பிரிக்கிறது?"

மின்விசிறி சுற்றியது. சுற்றறிக்கையின் ஓரம் படபடத்தது. அண்ணன் அதன்மேல் ஒரு பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்தார், பறந்துவிடக் கூடாதே என்று.

"இது எனக்கு வேண்டாம் சார். தோட்டம்னாலும் போறேன், செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியும். ஒண்ணே ஒண்ணுதான். மேனேஜரோட டிரைவர் எங்க தெருவுலதான் இருக்கான். மெமோ சேதி எனக்கு முந்தி வீட்டுக்குப் போயிருச்சு. எட்டு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்காரி அன்னிக்கு வாசல்ல நிக்க வெச்சு என் வாய மோந்து பாத்தா சார்." அண்ணன் பேப்பர் வெயிட்டை நேராக நகர்த்தி வைத்தார். "வாசனை இல்ல. இருந்தும் நம்பல. பெரிய படிப்பு படிச்சவரு சும்மா சொல்லுவாரான்னு கேக்குறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

தலைவர் வருகிறேன் என்றார். சொன்ன பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போனார். வெறுங்கையோடு போனால் நம்பவைப்பது கஷ்டம் என்று, ஒரு பையில் இரண்டு சிறிய அளவு ஜாடிகளும், ஒரு பாட்டில் தண்ணீரும், ஒரு பாட்டில் சுத்த ஆல்கஹாலும் எடுத்துக்கொண்டார். ஐம்பதும் ஐம்பதும் ஊற்றிக் காட்டினால் நூறு வராது. கலக்கும்போது ஜாடி இளஞ்சூடாகும், அதையும் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். வழி முழுக்க எளிய நடையில் ஒரு சிற்றுரையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கைகோத்தல் உவமை வைத்திருந்தார். அது நன்றாகவே இருந்தது.

இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணனின் மனைவி தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசிகள். அண்ணன் பின்னால் எழுந்து நின்றார். தலைவர் வணக்கம் சொல்லி, பையைத் திறந்து, ஆல்கஹால் பாட்டிலை வெளியே எடுத்தார்.

தையல் நின்றது. அந்த அம்மாள் குண்டூசிகளை ஒன்றொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்தினார். நான்காவதைக் குத்திவிட்டுத்தான் பேசினார்.

"அது என்னங்க பாட்டில்ல?"

"ஆல்கஹால்மா. ஒரு சின்ன சோதனை காட்டினா உங்களுக்கே..."

"அதோட உள்ள வராதீங்க."

"இல்லம்மா, இது அறிவியல்..."

"எட்டு வருஷமா இந்த வாசப்படி தாண்டி அந்த வாசனை உள்ள வந்ததில்ல. இருமல் மருந்துகூட நான் மோந்து பாத்துத்தான் வாங்குவேன். நீங்க ப்ரொபசரா இருக்கலாம். மொதல்ல அத வெளிய வைங்க."

தலைவர் பாட்டிலோடு அப்படியே நின்றார். குடியை விட்டவன் வீட்டு வாசலில், கையில் திறந்த பை, மறுகையில் ஆல்கஹால். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே போனார். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜாடிகளையும் வைத்தார். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியது மட்டும் இருந்தது.

"அதாவதும்மா, தண்ணீர் மூலக்கூறுக்கும் ஆல்கஹால் மூலக்கூறுக்கும் நடுவுல..."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. இவர் எடுத்தாரா, எடுக்கலையா?"

"எடுக்கல."

"அப்புறம் எப்படிக் கொறைஞ்சுது?"

"அது தானா கொறையும்மா. ரெண்டையும் கலந்தா கொறையும்."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

வாசல் குறுகலானது. ஒதுங்க இடமில்லை.

"தெரியும். நான்தான் புத்தகமே எழுதினேன். படம் எடுக்கிற மும்முரத்துல... மறந்துட்டேன். தப்பு என்னுதும்மா. அவருது இல்ல."

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தார். அண்ணன் பார்வை தரையில் இருந்தது. மனைவி எழுந்து, புடவை முந்தானையால் கண்ணை ஒரு ஒற்று ஒற்றி, கணவனிடம் போய் அவர் சட்டைக் காலரில் இல்லாத நூலை இருப்பது போல் எடுத்துப் போட்டார். அவ்வளவுதான். திரும்பியபோது பழைய முகம் வந்திருந்தது.

"சிரிச்சாங்களாமே, அன்னிக்கு. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா இத?"

தலைவர் செருப்புகளைப் பார்த்தார். "இன்னும் இல்லம்மா."

"அப்ப இங்க சொன்னது பாதிதாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க, டீ போடுறேன். அந்தப் பாட்டில் அங்கயே இருக்கட்டும்."

டீ நன்றாக இருந்தது. தலைவரால் பாதிதான் குடிக்க முடிந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் செவ்வாய்க்கிழமை சிரித்த எல்லோரும் இருந்தார்கள். கூடுதலாகக் கணிதத் துறைத் தலைவரும் இருந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. அந்த மாதிரி நாட்களில் அந்த மாதிரி ஆட்கள் எப்படியோ வந்துவிடுவார்கள். லேப் அண்ணன் கதவருகே நின்றார். தலைவர் நான்காம் பதிப்பைப் பிரித்து, நூற்று எண்பத்தேழாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். விட்டுப்போன வரியையும் படித்தார். ஆச்சரியக்குறிக்கு உரிய குரலை மட்டும் கொடுக்கவில்லை.

"முப்பத்தஞ்சு மில்லிய யாரும் எடுக்கல. நான்தான் அவசரப்பட்டுப் பழி போட்டேன். அதுலயும் கேலி பண்ணினேன். மெமோவக் கிழிச்சுட்டேன். சாவி இந்தாங்க அண்ணே." அண்ணே என்ற சொல் அவர் வாயில் புதுச் செருப்பு போல் இருந்தது. "மன்னிச்சுக்குங்க."

இயற்பியல் தலைவர் சன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். மேனேஜர் செல்போனில் வராத அழைப்பை எடுத்தார். சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள நான்கு பேர் வந்தார்கள். இதைப் பங்கு போட ஒருவரும் முன்வரவில்லை. கணிதத் தலைவர் மட்டும் எழுந்து வந்து, மிகுந்த மரியாதையோடு கை கொடுத்தார்.

"எங்க துறைக்கு வரவேற்கிறேன் சார்."

மதிய உணவு இடைவேளைக்குள் 'பிணைப்பு' என்ற பெயர் போய், 'கணக்கு வாத்தியார்' என்ற பெயர் வந்திருந்தது. மலர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. முதல் பக்கத்தில் அவர் ஜாடியைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்து நிற்கிறார். கூர்ந்து பார்த்தால் அளவுக்கோடுகூடத் தெரிகிறது.

அண்ணன் சாவியை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, பரவாயில்லை சார் என்றும் சொல்லவில்லை. மறுநாள் இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அளவுகோல் வைத்து நேராக ஒரு புதுக் கட்டம் போட்டிருந்தார். தலைப்பில் 'கலந்ததில் குறைந்தது' என்று எழுதி, பக்கத்தில் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் நீங்க போட்டுருங்க சார். நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டா, நான் வாயெடுக்க வேண்டியதில்ல பாருங்க."

விலங்கியல் துறைக்குத் தவளைகள் பெருகிக்கொண்டே போயின. மாதம் இரண்டு தடவையாவது கலவை கேட்கிறார்கள். அண்ணன் பதிவேட்டோடு வந்து நிற்கிறார்.

"முப்பத்தஞ்சு சார்."

தலைவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறார்.